பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நிறுவனத்தின் மனித உரிமைப் பொறுப்பு எதுவரை போகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தில் ஏறக்குறைய இருநூறு பேர். அவர்களில் பாதிப் பேர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். கொரோனா போல இன்னொன்று வந்தால் அரசு சொல்வதைச் செய்துவிடலாம் என்று இருக்கிறீர்கள். ஆனால் உங்களிடம் பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் மனித உரிமைகளை எப்படிக் காப்பீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் அனுப்புகின்றன. அரசு சொல்வதற்கு மேல் எங்களிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்கிறீர்கள். அதற்கடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வருமானமே நின்றுபோன மாதத்தில் உரிமையைப் பற்றிப் பேச ஒரு முதலாளியால் முடியுமா? பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் பணிச்சூழல் தணிக்கை செய்தும், தொழிலாளர் புகார்களை விசாரித்தும் வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. ஒவ்வொரு நாட்டின் தொழிலாளர் சட்டமும் வேறு. அதை உங்கள் வழக்கறிஞரிடம்தான் சரிபார்க்க வேண்டும்.

ஐயமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011 ஜூனில் ஒருமனதாக ஏற்ற ‘வணிகமும் மனித உரிமைகளும்: வழிகாட்டும் கோட்பாடுகள்’ என்ற ஆவணம்தான் உங்களுக்கு வரும் கேள்விப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் மூலம். பேராசிரியர் ஜான் ரகி உருவாக்கிய 31 கோட்பாடுகள் அதில் உள்ளன. உரிமைகளைக் காப்பது அரசின் கடமை, அவற்றை மதித்து நடப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைப்பது இருவரின் பொறுப்பு என்று அது பிரிக்கிறது. உங்கள் கேள்விக்கு முக்கியமானது இதுதான்: அரசு தன் கடமையைச் செய்கிறதா இல்லையா என்பதை வைத்து நிறுவனத்தின் பொறுப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. அரசு ஒரு சுற்றறிக்கையில் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருந்தாலும், அவர்களைப் பற்றி நீங்கள் யோசித்தே ஆக வேண்டும்.

இந்தக் கோட்பாடுகள் தம்மளவில் சட்டம் இல்லை என்பதும் உண்மை. இவற்றை மீறியதற்காக மட்டும் உங்களை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. ஆனால் பிரான்ஸ் 2017-லும் ஜெர்மனி 2021-லும் இவற்றின் சாரத்தைப் பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமாக்கிவிட்டன. அந்த நிறுவனங்களுக்குப் பொருள் கொடுப்பவர்களுக்கு அந்தச் சட்டம் ஒப்பந்த நிபந்தனையாக வந்து சேர்கிறது. உங்களுக்கு வந்திருக்கும் பட்டியலும் அநேகமாக அப்படி வந்ததுதான்.

நெருக்கடி என்றால் விதிகள் தளரும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நாட்டின் உயிர்வாழ்வையே அச்சுறுத்தும் நெருக்கடி வந்தால், அதை முறைப்படி அறிவித்து, தேவையான அளவுக்கு மட்டும் சில உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசுகளுக்குப் பன்னாட்டு ஒப்பந்தம் இடம் தருகிறது. அப்போதும் சித்திரவதை, அடிமைத்தனம் போன்றவற்றில் விலக்கு இல்லை. இந்த அதிகாரம் அரசுகளுக்கு மட்டும் உரியது. ஒரு நிறுவனம் தனக்குத்தானே நெருக்கடி நிலை அறிவித்துக்கொண்டு, செய்த வேலைக்கான கூலியை நிறுத்திவைக்கவோ, யாரையும் தங்குமிடத்தில் பூட்டிவைக்கவோ முடியாது. 2020-இல் பல நாடுகளில் இந்த இரண்டுமே நடந்தன.

நடைமுறையில் எதிலிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பதை அந்தக் கோட்பாடுகளே ஏற்கின்றன. முடியாதபோது மிகக் கடுமையான பாதிப்பிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. கடுமையை அளக்க மூன்று கேள்விகள்: பாதிப்பு எவ்வளவு ஆழமானது, எத்தனை பேருக்கு, பிறகு சரிசெய்ய முடியுமா முடியாதா. அதாவது மனிதர்களுக்கு என்ன ஆபத்து என்பதை வைத்து வரிசை போட வேண்டும். நெருக்கடிக் கூட்டங்களில் நான் பார்த்தவரை, மேசையில் முதலில் விழும் தாள் வங்கி இருப்பு, அடுத்தது நிலுவை ஆர்டர்கள். ‘இந்த முடிவால் யார் தலையில் சுமை இறங்குகிறது, அதைத் தாங்க அவரிடம் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். அந்தக் கேள்வியை முதலில் கேட்பதுதான் என் பார்வையில் இந்தப் பொறுப்பின் மையம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். பல ஆலைகளில் வருகைப் போனஸ் என்று ஒன்று உண்டு. மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் ஒரு தொகை, ஒரு நாள் விட்டாலும் மொத்தமும் போய்விடும். சாதாரண நாட்களில் யாரும் இதை மனித உரிமையோடு முடிச்சுப் போடுவதில்லை. தொற்றுக் காலத்தில் என்ன நடக்கிறது? வாசலில் ஒருவர் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டுகிறார். காய்ச்சல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், சம்பளம் கிடையாது, போனஸும் போகும். தொழிலாளி என்ன செய்வார்? காலையிலேயே ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருவார். வெப்பமானி சரியான அளவு காட்டும், பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் எதிரே டிக் விழும், இரண்டு வாரத்தில் அந்த வரிசையில் பாதிப் பேருக்குத் தொற்று. இங்கே யாரும் விதியை மீறவில்லை. கிருமிநாசினி இருந்தது, முகக்கவசம் இருந்தது, சுவரில் அறிவிப்பு இருந்தது. நோயை உள்ளே கொண்டுவந்தது சம்பள அமைப்பு. தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்டு வாங்கும் தாள் சம்பளச் சீட்டுதான். நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டா, தனிமைப்படுத்தப்பட்ட நாட்களுக்கு உண்டா, முகக்கவசத்துக்குப் பிடித்தம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வாசல் ஏற்பாடுகளைவிட அந்தச் சீட்டு உங்கள் பெருந்தொற்றுக் கொள்கையைத் தெளிவாகச் சொல்லும்.

உங்களால் ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால், சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பைச் செய்யுங்கள். அது காண்ட்ராக்டர் ஆட்களுக்கும் கிடைக்க வேண்டும். நேரடி ஊழியர்கள் நூறு பேருக்குக் கொடுத்துவிட்டு, அதே இயந்திரத்தில் பக்கத்தில் நிற்கும் நூறு பேருக்கு இல்லை என்றால் தொற்றைத் தடுக்கவும் முடியாது, நியாயமும் இல்லை. ஒப்பந்தத்தில் அது காண்ட்ராக்டரின் பொறுப்பு என்று எழுதியிருக்கலாம். ஆனால் அவர் அதைக் கொடுக்கும்படி நீங்கள் தரும் விலை இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விலைக்கு நோய் விடுப்புத் தரவே முடியாது என்றால், பாதிப்பில் உங்கள் பங்கும் இருக்கிறது.

காண்ட்ராக்டர் ஆட்களைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், 2020-இல் நடந்த பெரிய பரவல்கள் பலவும் அங்கேதான் வெடித்தன. ஜெர்மனியின் ரேடா-வீடன்புரூக் நகரில் இருக்கும் இறைச்சி ஆலையில் 2020 ஜூனில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. அங்கே வெட்டும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துணை ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் வந்தவர்கள், நெருக்கடியான தங்குமிடங்களில் இருந்தவர்கள். குளிரூட்டப்பட்ட கூடத்தில் சுழன்றுகொண்டிருந்த காற்றும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதன் பிறகு ஜெர்மனி சட்டம் போட்டு, 2021 ஜனவரி முதல் இறைச்சித் துறையில் வெட்டுதல், பதப்படுத்துதல் போன்ற மைய வேலைகளைத் துணை ஒப்பந்தத்துக்கு விடுவதையே தடை செய்தது. சிங்கப்பூரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 2020 டிசம்பரில் அந்த அரசே வெளியிட்ட கணக்குப்படி அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு அதற்குள் தொற்று வந்து போயிருந்தது. வேலையிடத்தில் எத்தனை அடி இடைவெளி விட்டாலும், இரவில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பத்துப் பதினைந்து பேர் படுத்தால் அந்த இடைவெளிக்குப் பொருள் இல்லை. உங்கள் ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள், எந்த வண்டியில் வருகிறார்கள் என்பது தெரியாவிட்டால், தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கேள்விப் பட்டியல்களில் ‘டியூ டிலிஜென்ஸ்’ என்று வருவதன் பாதிப் பொருள் இதுதான்: போய்ப் பார்ப்பது, சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்பது, கேட்டதை வைத்து முடிவை மாற்றுவது, மாற்றியது வேலை செய்ததா என்று திரும்பப் பார்ப்பது.

இனி பணம். இதைத் தள்ளிவிட்டு மேலே பேசினால் நேர்மையாக இருக்காது. ஆர்டர் நின்றுபோனால் நிறுவனத்துக்கு வலி என்பதை நான் மறுக்கவில்லை. பல நேரங்களில் அந்த வலியே மேலிருந்து வருவது. 2020 மார்ச்சில் ஐரோப்பிய, அமெரிக்க ஆடை நிறுவனங்கள் வங்கதேச ஆலைகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்து செய்தன. தைத்து முடித்துப் பெட்டியில் போட்ட துணிகளும் அவற்றில் இருந்தன. நூலும் துணியும் ஆலை முதலாளி தன் கடனில் வாங்கியவை. பணம் கப்பலேறிய பிறகுதான் வரும். அந்த மாதக் கடைசியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, பத்து லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலையிழந்தோ தற்காலிகமாக அனுப்பப்பட்டோ இருந்ததாகச் சொன்னது. வாங்கும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் ‘ஃபோர்ஸ் மஜூர்’ பிரிவைக் காட்டின, அதாவது கட்டுப்பாட்டை மீறிய பேரிடர் வந்தால் ஒப்பந்தக் கடமையிலிருந்து விலக்குத் தரும் பிரிவை. சட்டப்படி அது செல்லுமா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்தின் சொற்களையும் பொறுத்தது, அதில் ஒரே விடை இல்லை. ஆனால் மனித உரிமை அளவுகோலில் எனக்குக் குழப்பம் இல்லை. முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் தர மறுப்பவர், அந்த ஆலையில் கூலி கிடைக்காமல் போவதற்குக் காரணமானவர்களில் ஒருவர். பிரச்சார அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் விடாமல் அழுத்தம் கொடுத்த பிறகு பல நிறுவனங்கள் முழுத் தொகையையும் கொடுக்க ஒப்புக்கொண்டன. முடியாது என்று முதலில் சொன்னவர்களில் பலருக்கு முடிந்தது என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே உங்களுக்கு வந்த கேள்விப் பட்டியலுக்கு நீங்களும் ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பலாம். பெருந்தொற்று வந்தால் உற்பத்தியில் இருக்கும் ஆர்டருக்குப் பணம் தருவீர்களா, எத்தனை நாளில் தருவீர்கள்? கோட்பாடுகள் வாங்கும் நிறுவனத்துக்கும் பொருந்துபவை, ஆகவே இதைக் கேட்பது நியாயம்தான். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பக்கத்தில், பணம் குறையும்போது எந்த வரிசையில் வெட்டுவது என்று கேட்டால், என் அனுபவத்தில் தாங்கும் வரிசை இதுதான். செய்து முடித்த வேலைக்கான கூலியில் கை வைக்கக் கூடாது. நிறுவனம் திவாலானாலும் கூலிக்கு முன்னுரிமை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையே சொல்கிறது. அடுத்து, பங்காதாயம், இயக்குநர் ஊதியம், விரிவாக்கச் செலவு ஆகியவற்றை நிறுத்திவைக்க வேண்டும். பிறகு வேலை நேரத்தைப் பகிர்வது, அரசின் ஊதிய உதவித் திட்டம் இருந்தால் அதற்கு உடனே விண்ணப்பிப்பது. சம்பளக் குறைப்பு தவிர்க்கவே முடியாது என்றால், மேலே இருப்பவர்களுக்கு அதிக விழுக்காடும் அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும், முடிவுத் தேதி இருக்க வேண்டும், சங்கத்தோடோ தொழிலாளர் பிரதிநிதிகளோடோ கணக்குகளைக் காட்டிப் பேசியிருக்க வேண்டும். ஆட்குறைப்பு கடைசி. அதிலும் கருவுற்றவர்கள், சங்கத்தில் முன்னால் நிற்பவர்கள், பாதுகாப்பைப் பற்றிக் குரல் கொடுத்தவர்கள் ஆகியோர் பட்டியலில் கூடுதலாக வந்து விழுகிறார்களா என்று கையெழுத்துப் போடுமுன் சரிபாருங்கள். நெருக்கடியைச் சாக்காக வைத்துச் சங்கத்தை ஒழித்த ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலை யாரும் கெட்ட எண்ணத்தோடு தயாரிக்கவில்லை என்றாலும் விளைவு அப்படி அமைந்துவிடலாம்.

வாங்குபவரிடமிருந்து தொழிலாளி வரை நீளும் இதே பொறுப்புச் சங்கிலி கடலிலும் நீண்டது. நாடுகள் துறைமுகங்களை மூடியதால் 2020 இறுதியில் சுமார் 4 லட்சம் கப்பல் ஊழியர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையேற முடியாமல் கப்பலிலேயே இருந்தார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி தொடர்ந்து 11 மாதங்களுக்கு மேல் ஒருவர் கப்பலில் இருக்கக் கூடாது. பலர் அதைத் தாண்டிவிட்டார்கள். அடிப்படைத் தவறு அரசுகளுடையது. ஆனால் கப்பலை வாடகைக்கு எடுத்தவர்களில் சிலர், பயணத்தின் நடுவே ஊழியர்களை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அது தாமதத்தைத் தவிர்ப்பதற்காக. சரக்கின் சொந்தக்காரர் அந்தக் கப்பலில் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை, ஆனாலும் அவர் சரக்கைச் சுமந்த கப்பல் அது. 2021 மே மாதத்தில் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து, சரக்கு உரிமையாளர்கள் தங்கள் கப்பல்களில் ஊழியர்கள் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி இருக்கிறார்களா என்று விசாரிப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டன. பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டீர்கள் அல்லவா? இவ்வளவு தூரம் போகும். நேரடியாகச் செய்தவர், பங்களித்தவர், தொழில் உறவால் தொடர்புடையவர் என்று மூன்று நிலைகள் உண்டு. மூன்றாவது நிலையில் இருப்பவர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் இல்லை, ஆனால் தன் செல்வாக்கைப் பயன்படுத்திப் பேசக் கடமைப்பட்டவர்.

பாதுகாப்பில்லை என்று சொல்லி ஒருவர் வேலையை விட்டு விலகி நின்றால் என்ன செய்வது என்ற உங்கள் துணைக் கேள்விக்குத் தெளிவான அடிப்படை இருக்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் உள்ளவர் விலகினால் அவருக்குத் தண்டனை தரக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. 2022 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. கட்டாய உழைப்புக்கும் குழந்தைத் தொழிலுக்கும் எதிரான உரிமைகளுக்குச் சமமாக அது நிற்கிறது. இந்த மாற்றத்துக்குப் பெருந்தொற்றின் அனுபவம் பெரிய உந்துதல். தகராறு வருவது ‘நியாயமான காரணம்’ எது என்பதில்தான். பரவல் பொதுவாக அதிகம் என்பது போதுமா, தன் வேலையிடத்தில் குறிப்பான குறை இருக்க வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. நான் தரும் யோசனை: விலகியவரோடு வாதாடுமுன் அவர் சுட்டிக்காட்டிய இடத்தை அன்றே போய்ப் பாருங்கள். அவர் ஒருவேளை தவறாகச் சொல்லியிருந்தாலும் அதற்காகச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். ஒருவரைத் தண்டித்தால் அடுத்த பத்துப் பேர் குறையைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்பது உண்மையிலேயே ஐயத்துக்குரிய பகுதி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கான தடுப்பூசி அல்லது பரிசோதனை விதியை நிறுத்திவைத்தது. அதே நாளில் மருத்துவப் பணியாளர்களுக்கான கட்டாயத்தை அனுமதித்தது. வேலையின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று. நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவருக்கும் தனி அறையில் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே விதி பொருந்தாது. ஊசி போட்டுக்கொள்ளச் சம்பளத்தோடு ஒரு நாளும், காய்ச்சல் வந்தால் மறுநாளும் கொடுத்து, அவர்கள் மொழியில் பேசக்கூடிய ஒரு மருத்துவரை அழைத்துவந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தால், கட்டாயம் தேவைப்படாத அளவுக்குப் பெரும்பாலானவர்கள் முன்வருவார்கள் என்பது என் அனுபவம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

உடல்நலத் தகவலில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். யாருக்குத் தொற்று என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டுவது இரண்டும் கூடாது. உடன் வேலை செய்தவர்களுக்கு எச்சரிக்கை தேவை, பெயர் தேவையில்லை. எடுக்கும் தகவல் எதற்கு, யார் பார்ப்பார்கள், என்றைக்கு அழிப்பீர்கள் என்று தொடங்கும் நாளிலேயே எழுதிவையுங்கள். 2020 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஓர் ஆடை நிறுவனத்துக்கு 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தார். நோய் விடுப்பு முடிந்து திரும்பியவர்களிடம் மேலாளர்கள் நலம் விசாரிப்பதுபோல் பேசி, சொன்ன நோய் விவரங்களைக் குறித்துவைத்து, பலர் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தது. தொற்றுக் காலத்தில் அதற்கு இன்னும் நல்ல சாக்கு கிடைக்கும் என்பதால் சொல்கிறேன்.

புகார் வழி என்று எல்லோரிடமும் ஒரு பெட்டியோ ஒரு தொலைபேசி எண்ணோ இருக்கும். நான் விசாரிக்கப் போன ஓர் இடத்தில் அந்த எண்ணுக்கு அடித்தால் ஷிப்ட் சூப்பர்வைசரே எடுத்தார், புகாரில் பாதி அவரைப் பற்றியது. பல மாதங்களாக ஒரு புகாரும் வரவில்லை என்று அதை நிர்வாகம் நற்சான்றாகக் காட்டியது. இருநூறு பேர் உள்ள இடத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் புகாரே வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது என்றுதான் பொருள். எடுப்பவர் உற்பத்திக்குப் பொறுப்பில்லாதவராக இருக்கட்டும், காண்ட்ராக்டர் ஆட்களின் மொழி தெரிந்தவராக இருக்கட்டும். தவறு நடந்திருந்தால் பரிகாரம் பணமாகவும் வர வேண்டும். பிடித்த கூலியைத் திருப்பித் தருவது, மருத்துவச் செலவை ஏற்பது, இறந்தவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியதை அவர்கள் அலையாமல் கொண்டுபோய்க் கொடுப்பது என்று.

சிறிய நிறுவனத்திடம் பெரிய நிறுவனத்தின் அளவுக்கு அறிக்கைகளையும் துறைகளையும் யாரும் எதிர்பார்க்க முடியாது. கோட்பாடுகளே செய்முறை உங்கள் அளவுக்கு ஏற்ப இருக்கலாம் என்கின்றன. ஆனால் பாதிப்பு கடுமையாக இருந்தால் அளவு சாக்காகாது. உங்களைப் போன்ற ஒரு இடத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு திட்டம் போதும்: யார் எங்கே தங்குகிறார்கள் என்ற கணக்கு, நோய் விடுப்புக்கு எந்தப் பணத்தை ஒதுக்கிவைத்திருக்கிறோம் என்ற கணக்கு, வருமானம் நின்றால் எந்த வரிசையில் எதை வெட்டுவோம் என்ற ஒப்புதல். மூன்றையும் தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து இப்போதே எழுதுங்கள். உங்களுக்கு வந்த கேள்விப் பட்டியலுக்கு அதையே பதிலாக இணைத்து அனுப்பலாம். காண்ட்ராக்டருடன் அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நோய் விடுப்புச் செலவைத் தனி வரியாகப் போட்டு விலை பேசுங்கள். அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தொற்று வந்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள்.